நெஞ்சுக்குப் போன கை

என் கணவரின் வலது காதில் ஏப்ரல் மாதம் அறுவை சிகிச்சை செய்வதென்று முந்திய நவம்பரில் முடிவாயிற்று. காதுக்குள் ஒலியைக் கடத்தும் எலும்புகளில் மிகச் சிறியது இறுகிப்போய் அசைய மறுத்திருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செயற்கைத் துண்டைப் பொருத்துவார்கள். மருத்துவர் இதையெல்லாம் பிரெஞ்சில் நிதானமாக விளக்கிவிட்டு, வேறேதும் கேட்க இருக்கிறதா என்றார். என் கணவர் சிலிண்டரோடு நீருக்கடியில் சுழியோடுவதைப் பற்றிக் கேட்டார். இப்போதைக்குத் தடையில்லை, ஆனால் சிகிச்சைக்குப் பிறகு ஆழத்து நீரின் அழுத்தத்தை அந்தத் துண்டு தாங்குமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது, ஆகவே கூடாது என்றார் மருத்துவர்.

காரை வீதிக்கு எடுத்த பிறகுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

“அப்ப ஏப்பிரலுக்குப் பிறகு குளிக்கிற தொட்டிதான் எனக்குக் கடல்.”

“தொட்டிக்குள்ளையும் தலையை விடாதேங்கோ.”

“சத்தமாச் சொல்லும். நீர் இருக்கிறது கேக்காத பக்கம்.”

சத்தமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மொன்றியலின் டெக்காரி நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகராமல் நின்றன. பனி மழையாக மாறிக்கொண்டிருந்தது. “அப்ப அந்தப் பாறைக்குப் பெப்ரவரியிலை போவம்,” என்றார். எந்தப் பாறை என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பாறை என்றால் ஒன்றுதான்.

மெக்சிக்கோவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் கப்பலில் போனால் சில எரிமலைத் தீவுகள் வரும். ஆட்கள் குடியிருக்கும் தீவுகளல்ல. அவற்றுக்கும் அப்பால், பார்வைக்கு வேறெந்த நிலமும் எட்டாத இடத்தில், ஒரு பாறை தனியே நீட்டிக்கொண்டிருக்கும். கடலின் அடியிலிருந்து எழும்பிய ஒரு மலையின் நுனி அது. மலையின் மிகுதி முழுவதும் தண்ணீருக்குள். பழைய கடலோடிகளின் வரைபடங்களில் இப்படிப்பட்ட பாறைகள் இடம் மாறி மாறிக் குறிக்கப்பட்டிருக்கும் என்று வாசித்திருக்கிறேன். ஒரு தடவை கண்டவர்கள் மறுதடவை கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். என் கணவர் அந்தப் பாறையின் படமொன்றைப் பார்த்துவிட்டு, அதைத் தன் வேலையிடத்துப் பெட்டியின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அவருக்கு டோர்வலில் விமான நிலையத்தில் வேலை. பயணப்பெட்டிகளைக் கொண்டுபோகும் பட்டைகள் பழுதானால் திருத்துபவர்.

அவரைத் தண்ணீருக்குள் இறக்கியவரும் அங்கே வேலை செய்த ஒரு கியூபெக்காரர்தான். எங்கள் மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய வருடம் அது என்பார் என் கணவர். இல்லை, அதற்கு முந்திய செப்டம்பர். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். இப்படியான விஷயங்களில் எங்கள் வீட்டில் என் பேச்சுத்தான் செல்லும். அவர் முதலில் இறங்கியது, ஆற்றின் தென்கரையைத் தாண்டிப் போனால் வரும் ஒரு பழைய கல்லுக் குவாரியில். நிலத்தடி நீர் ஏறி நிரம்பிய குவாரி அது. அடியில் யாரோ இறக்கிவிட்ட ஒரு பள்ளிக்கூட பஸ் கிடந்தது. தண்ணீருக்குள் நீட்டிய கையின் விரல்கள் சில நாட்களில் தெரியும், சில நாட்களில் தெரியாது. முதல் இரண்டு கோடைகளிலும் நான் கரையில் தேநீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கோடையில், உட்கார்ந்திருப்பதைவிட இறங்குவது குளிர் குறைவாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. அது தவறான கணிப்பு. ஆனாலும் தொடர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குவாரியிலிருந்து திரும்பும் வழியில் புரோசார்ட்டில் ஈரத் தலையோடு ஒரு வியட்நாமியக் கடையில் சூப் குடிப்போம்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கவில்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், பக்கத்து மேசையிலிருந்த ஒருவர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்கள் கடலைத் தாண்டி ஓடிவந்த சனம். நீர் என்னெண்டால் திரும்பக் கடலுக்குள்ளை இறங்கிறீர்.”

“நான் பிளேனிலை வந்தனான், அண்ணை. கடலை இன்னும் வடிவாப் பார்க்கேல்லை.”

அது கிட்டத்தட்ட உண்மை. அவர் அறிந்ததெல்லாம் குவாரியும், பெரிய ஆறும், குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வெட்டிய முக்கோணத் துவாரமுந்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். கீழே போகப்போகத் தண்ணீர் அழுத்தும். உடம்பைச் சுற்றியிருக்கும் றப்பரும் காற்றும் நசுங்கும். ஆள் கனத்து மேலும் வேகமாகக் கீழே போவார். அதைச் சமப்படுத்தக் கொஞ்சங்கொஞ்சமாகக் காற்று விட வேண்டும். வெதுவெதுப்பான கடல்களில் இடது தோளருகே தொங்கும் ஒரு குழாயின் பொத்தானை அழுத்துவார்கள். மேலே அணிந்த மிதவைச் சட்டைக்குள் காற்றுப் போகும். குளிர்நாட்டில் ட்ரைசூட் என்று ஒன்று உண்டு. உள்ளே ஒரு துளி தண்ணீர் வராது, அடியில் கம்பளி உடுப்பே போடலாம். அதற்குக் காற்று விடும் பொத்தான் நெஞ்சின் நடுவில் இருக்கும். என் கணவர் பழகியதெல்லாம் அதில்தான். கனக்கிறது என்று உடம்பு உணர்ந்ததும் வலது கை தானாகப் போய் நெஞ்சை அழுத்தும். நான் கோடையில் மட்டும் இறங்குபவள், தண்ணீர் உள்ளே ஊறும் தடித்த றப்பர் உடுப்பான வெட்சூட்டோடு சமாளிப்பவள். எனக்குத் தோள் குழாய்தான் தெரியும். எங்கள் இருவரில் அவர்தான் தேர்ந்தவர். பனிக்கட்டிக்கு அடியில் போய் வந்தவர். பாறைக்குக் கூட்டிப்போகும் கப்பல்காரர்கள் அனுபவம் எவ்வளவு என்று கேட்டார்கள். எந்த உடுப்பில் என்று கேட்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

பெப்ரவரி இரண்டாம் வாரம் மொன்றியலிலிருந்து புறப்பட்டோம். கப்பல் முதலில் ஒரு தீவின் ஒதுக்கமான குடாவில் நங்கூரமிட்டது. எங்களை வழிநடத்தியவள் ஒரு மெக்சிக்கப் பெண். எங்கள் மகளைவிடச் சில வயது மூத்தவளாக இருப்பாள். இரண்டு நாட்கள் இந்தத் தீவில், பிறகு பாறை என்றாள். பாறையின் பக்கங்கள் செங்குத்தாகப் போகும், அங்கே அடி கிடையாது, சில வேளைகளில் நீரோட்டம் கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே யார் அங்கே இறங்கலாம் என்பதைத் தான்தான் தீர்மானிப்பேன் என்றும் சொன்னாள். எல்லாரும் சோடி சோடியாகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் கீழே போனால் மற்றவர் விட்டுவிட்டு வர முடியாது.

முதல் இறக்கத்திலேயே அது நடந்தது. சரிவின் ஓரமாக ஓரிடத்தில் எல்லாரும் நிற்கும்படி அவள் கை காட்டினாள். மெல்லிய வெட்சூட் அணிந்திருந்த என் கணவர் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே போனார். வலது கை நெஞ்சுக்குப் போய் அழுத்தியது. அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தியது. பொத்தான் வேலை செய்யாத லிஃப்டில் ஒருவர் நிற்பதைப் போல இருந்தது. வழிகாட்டிப் பெண் தலைகீழாகப் பாய்ந்து அவருடைய சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்தாள்.

மேலே வந்ததும் அவள் கடிந்துகொள்ளவில்லை. குளிர்நாட்டிலிருந்து வருகிறீர்களா என்றுதான் கேட்டாள். இந்தக் கையைத் தான் முன்பும் கண்டிருப்பதாகச் சொன்னாள். நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இது வரும். புதியவர்களுக்கு மறக்க ஒன்றுமில்லை. இரண்டு நாட்களில் கை மாறினால் பாறை. மாறாவிட்டால் இல்லை.

அன்று முழுவதும் அவர் பயிற்சி செய்தார். சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டு இடது கையைத் தோளுக்குக் கொண்டுபோவார். படி இறங்கும்போது செய்வார். எங்கள் எதிரே சாப்பிட்ட ஓய்வுபெற்ற ஒல்லாந்தர், நுளம்பு கடித்ததா என்று கேட்டு, தன்னிடம் களிம்பு இருப்பதாகச் சொன்னார்.

“இஞ்ச பாருங்கோ, பேசாமல் ஒருக்காத் திடீரெண்டு பயப்பிடுத்திப் பாப்பம், எந்தக் கை போகுது எண்டு,” என்றேன் நான்.

“உம்மோடை முப்பது வருசம் இருந்திட்டன். இனி என்னத்துக்குப் பயப்பிட?”

சொல்லி முடிக்குமுன் அவருக்குப் பின்னால் தட்டத்தை மேசையில் ஓங்கி வைத்தேன். வலது கை நெஞ்சுக்குப் போயிற்று.

“நெஞ்சிலை கையை வைச்சுத் தேசியகீதம் பாடுறியள்,” என்றேன்.

உடுப்புக் கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து, வெட்சூட்டின் நெஞ்சுப் பக்க ஸிப்பில் மாட்டிவிட்டேன். கை வந்தால் அதில் தட்டுப்பட்டு நினைவு வரும். வழிகாட்டிப் பெண் அதைப் பார்த்துவிட்டுப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்த வட்டத்தைக் காட்டினாள். தண்ணீருக்குள் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்த இறக்கத்தில் கை போய்க் கிளிப்பில் முட்டித் திரும்பியது. அதற்கடுத்ததில் பாதி வழி வரை போய் நின்றது. இரண்டாம் நாள் காலையில் போகவேயில்லை. இடது கை அளவாக உயர்ந்து, குழாயைப் பிடித்து, துளித்துளியாகக் காற்று விட்டது. மத்தியானம் அவள் வந்து, நாளைக்கு நீங்கள் வரலாம் என்றாள். என் கணவர் கிளிப்பைக் கழற்றி என் தொப்பியின் விளிம்பில் மாட்டினார்.

அன்று பின்னேரம் அந்தத் தீவில் கடைசி இறக்கம். சரிவின் விளிம்பில் நாங்கள் கடைசிச் சோடியாக வந்துகொண்டிருந்தோம். வழிகாட்டிப் பெண் முன்னால், மற்றவர்களோடு. அப்போது வெளிக்கடலின் பக்கமிருந்து ஒரு கொம்புத் திருக்கை வந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறையை நிறைக்கக்கூடிய அகலம். அது நேரே அவருக்கு மேலாக வந்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றது. அதற்குச் சுழியோடிகள் விடும் குமிழ்கள் வயிற்றில் படுவது பிடிக்குமாம். அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அதையே பார்த்தபடி மூச்சு விட்டார். பார்த்தபடியே கீழே போனார். வலது கை எழுந்து நெஞ்சில் அழுத்தியது. மறுபடி அழுத்தியது. நான் இறங்கத் தொடங்கினேன். நான் அவரை எட்டுமுன் அவருக்கு நினைவு வந்து, இடது கை குழாயைத் தேடிப் பிடித்துவிட்டது. திருக்கை போய்விட்டிருந்தது. வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் இருவரும் இருக்க வேண்டிய ஆழத்தில் இருந்தோம்.

கப்பலில் எல்லாரும் திருக்கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஈர உடுப்புகளைக் கொடியில் போடுவதற்காக நாங்கள் பின்தளத்துக்குப் போனோம். வெயில் இன்னும் இருந்தது.

“கண்டனீரோ?” என்றார்.

“கண்டனான்.”

“உடனை பிடிச்சிட்டன் தானே.”

“பிடிச்சியள். உடனை இல்லை.”

“திருக்கை வந்ததாலை. நாளைக்குத் திருக்கை வந்தால் நான் பாக்கமாட்டன். சரியோ?”

“அதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்.”

வெட்சூட்டின் கைகளை உட்புறம் வெளியே வரும்படி இழுத்தார். “அவவுக்குச் சொல்லப் போறீரோ?”

“நான் சொல்லமாட்டன்.”

“அப்ப ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறீர்?”

“இண்டைக்கு கீழை மணல் இருந்தது. நாளைக்கு ஒண்டும் இல்லை. நீங்கள் போனால் நான் உங்களுக்குப் பின்னாலை வரோணும். விட்டிட்டு மேலை வந்து, அவர் திருக்கையைப் பாத்துக்கொண்டு போட்டார் எண்டு பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுறியளோ? நானும் வருவன். அதாலை அவவுக்குச் சொல்லுறதோ இல்லையோ எண்டது உங்கட விசயம். நான் எந்தப் பக்கமும் கதைக்கேல்லை.”

 ஏப்ரலைப் பற்றி அவர் ஏதாவது சொல்வாரென்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. உடுப்பை இரண்டு தடவை உதறிவிட்டு, ஏற்கெனவே கொடியில் தொங்கியதற்குமேல் அதையும் போட்டார். நான் எடுத்து வேறிடத்தில் போட்டேன்.

கப்பல் இரவில் ஓடியது. காலையில் கண்விழித்தபோது இயந்திரம் அடங்கியிருந்தது. யன்னலின் ஊடாகப் பாறை தெரிந்தது. படத்தில் கண்டதைவிடச் சிறிதாக இருந்தது. இரண்டு கொம்புகள், பறவை எச்சத்தால் வெளுத்துப்போனவை. சுற்றிலும் கடல் மட்டும். என் கணவர் என் பக்கத்தில் இல்லை.

தளத்தில் அவர் வழிகாட்டிப் பெண்ணோடு நின்றார். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருடைய ஆங்கிலம் விமான நிலையத்து ஆங்கிலம், சுருக்கமானது. நேற்றுப் பின்னேரமும் கை நெஞ்சுக்குப் போனது, நீங்கள் முன்னால் நின்றீர்கள், காணவில்லை என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். வலது கையால் தன் நெஞ்சை அழுத்தியும் காட்டினார். அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி என்றாள். பிறகு, இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

அடுத்த முறை வரும்போது என்று அவள் தொடங்கினாள். அவளுக்குக் காதைப் பற்றித் தெரியாது. அவர் தலையாட்டிக்கொண்டார், விளக்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவளே வேறொரு வழி சொன்னாள். கடல் அமைதியாக இருந்தது. மற்றவர்களை இறக்கிவிட்டு றப்பர் படகு பாறையருகே காத்திருக்கும். படகோட்டி கூட இருக்க, முகமூடியும் மூச்சுக் குழாயும் போட்டுக்கொண்டு, படகின் கயிற்றைப் பிடித்தபடி மேலே மிதக்கலாம். அதுவரை தன்னோடு இறங்கிய ஒல்லாந்தரோடு நான் சோடி சேரலாம் என்றாள். நானும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இஞ்சாரும், விசர்க்கதை கதையாதையும்,” என்றார் அவர். “ரெண்டு பேரும் மேலை மிதந்தால் ஆர் கீழை போறது?”

பாறையின் சுவர் நேராக இறங்கியது. கீழே பார்த்தேன், நீலம் கறுத்துக் கறுத்துப் போய் முடிந்தது, வேறொன்றுமில்லை. குவாரியில் எப்போதும் ஏதாவது அடி இருக்கும், தெரியாவிட்டாலும் இருக்குமென்று தெரியும். இங்கே கண்ணுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. கையிலுள்ள கருவியின் எண்தான் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொன்னது. சுவரின் இடுக்குகளில் சிறு சுறாக்கள், துடுப்பு நுனி வெள்ளையானவை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, குளிர்கால மெத்ரோ ரயிலில் ஆட்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் போல. ஒன்று எழுந்து போய் ஒரு வட்டமடித்துவிட்டுத் தன் இடத்தை வேறொன்று பிடித்திருப்பதைக் கண்டு, தலையால் இடித்து உள்ளே புகுந்தது. ஒல்லாந்தர் படமெடுத்தார். நீரோட்டம் இழுத்தது, பலமாக அல்ல, ஆனால் ஓயாமல், கீழ்நோக்கி. நான் இரண்டு தடவை தோள் குழாயை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அழுத்தும்போது, என் கணவர் காலையில் அவளிடம் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. வேறெதையும் நான் அப்போது நினைக்கவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. றப்பர் படகின் அடி தெரிந்தது, அதன் பக்கத்தில் என் கணவரும். முகம் குப்புற, கால்களை விரித்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வெளிச்சம் பின்னாலிருந்ததால் உருவம் மட்டுமே தெரிந்தது. கையை அசைத்தேன். அவர் கண்டாரோ தெரியாது. பிறகு நீரோட்டம் எங்களைப் பாறையின் மூலைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது.

படகில் ஏறியபோது அவர் துவாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமூடியின் அச்சு நெற்றியில் பதிந்திருந்தது.

“என்ன கண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“நீலம். பேந்து உங்கட குமிழ் வந்தது. பெரிசு பெரிசா, தட்டம் தட்டமா. பேந்து மூலைக்கு அங்காலை போட்டியள். அதுக்குப் பிறகு நீலம் மட்டும்.”

“போதுமோ?”

“போதாது,” என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். “நீர் சொல்லும். இறங்கின இடத்திலையிருந்து. நடுவிலை ஒண்டையும் விட்டிடாதையும்.”

நான் சொன்னேன். சுவர் எந்த நிறம், இடுக்குகள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன, சுறாக்கள் எந்த ஆழத்தில் கிடந்தன, நீரோட்டம் எங்கே தொடங்கியது என்றெல்லாம் கேட்டார். இடம்பிடிக்கச் சண்டையிட்ட சுறாவைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். நான் வரிசை மாற்றிச் சொன்ன ஓரிடத்தில் நிறுத்தி, அது முதலா பிறகா என்று கேட்டார். ஒல்லாந்தர் தன் கமராவின் திரையை அவரிடம் நீட்டினார். அவர் மரியாதைக்கு ஒரு படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மணித்தியாலம் ஓய்வு. பிறகு இரண்டாவது இறக்கம். நான் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து வந்து என் பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். காற்றின் திருகு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒல்லாந்தரின் பட்டியையும் இழுத்தார். அந்த மனிதர் இதை எதிர்பார்க்காமல் சற்றுத் தள்ளாடினார்.

“இந்தமுறை வடக்குப் பக்கத்தாலை போங்கோ,” என்றார் என் கணவர். “அந்தப் பக்கம் நீர் ஒண்டும் சொல்லேல்லை.”

வடக்கு எது என்று கேட்டேன். வெயிலைப் பார்த்துவிட்டு, கையை நீட்டிக் காட்டினார். நான் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தேன்.